மரமீனின் எடை

மரத்துண்டை மீன்போலச் செதுக்குவது கத்தி பழகிய எவருக்கும் கூடும். அதை மீன்போல நீந்த வைப்பதுதான் அரிது. வயிற்றில் எவ்வளவு ஈயத்தை, எந்த இடத்தில் புதைப்பது என்ற எளிய கேள்விக்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன், மரத்தாலான பொய்யிரைக்கு 1902-இல் காப்புரிமை பெற்றார். அக்கால அமெரிக்க மரமீன்கள் பருத்தவை, கனத்தவை. அந்தக் கனத்தைக் கேட்டது மீனன்று, ரீல். தூண்டிலை வீசும்போது ரீலின் உருளை சுழன்றாக வேண்டும். அதைச் சுழற்றும் எடை இரையில் இல்லையெனில் நூல் சிக்கிக்கொள்ளும்.

பின்லாந்து மீனவர் லவுரி ரபாலாவுக்கு (1905–1974) இந்தக் கட்டாயம் இல்லை. பையான்னே ஏரியில் துடுப்பு வலித்தபடியே பின்னால் நூலை இழுத்துச் செல்பவர் அவர். வறுமை மிகுந்த 1930-களில், ஏராளமான தூண்டில்முட்களுக்கு அன்றாடம் இரை கோப்பதிலேயே அவருடைய பொழுது கழிந்தது. கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்தும் சிறுமீனைத்தான் பெருமீன் கவ்வுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிவந்த ஜிகினாத்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சிட்டார். பிறந்தது மெலிந்த, இலேசான ஒரு பொய்மீன்.

அந்த இலேசில்தான் சூட்சுமம் இருந்தது. எடையின் மையம் தாழ்ந்திருந்தால் மரமீன் கவிழாது. ஆனால் ஈயம் மிகுந்தால் அசைவற்று நேராகப் போகும். முகத்துத் தகட்டில் மோதும் நீர் உடலைச் சாய்க்கிறது. அடிவயிற்றின் எடை அதை மீட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியையே மீன்கள் நெளிவு என்று நம்புகின்றன.

உருளை சுழலாமலே நூலை விடும் ரீல்கள் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பரவின. இலேசான இரையையும் இனித் தொலைவில் வீசலாம் என்றானது. ரபாலாவின் மரமீன் 1959-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. மர்லின் மன்றோ மறைந்தபோது, 1962 ஆகஸ்டில் வெளியான 'லைஃப்' இதழ் அதைப் பற்றியும் எழுதியது. அவ்விதழ் மிகப் பரவலாக விற்றதில் ரபாலாவின் பெயரும் நாடெங்கும் சென்றது. பின்னர் எடை சேர்த்து, நொடிக்கு ஓர் அடி வீதம் மூழ்கும் மரமீனையும் அவருடைய நிறுவனம் செய்தது.

வீட்டில் செதுக்குவோர் இன்றும் முதலில் கொக்கிகளை மாட்டுகிறார்கள், ஏனெனில் அவையும் எடைதான். பிறகு ஈயத்துண்டை வயிற்றில் தற்காலிகமாக ஒட்டி வாளி நீரில் மிதக்கவிடுகிறார்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, உரிய இடம் தெரிந்த பின்னரே துளையிட்டுப் புதைக்கிறார்கள்.

அதன் பிறகும் மரமீன் ஒரு பக்கமாக ஓடக்கூடும். எல்லா மரமும் ஒரே அடர்த்தி கொண்டதன்று. ஆகவே ரபாலா தம் மரமீன் ஒவ்வொன்றையும் நீரில் இழுத்துப் பார்த்தே விற்றார். இடப்பக்கம் ஓடினால், நூல் கட்டும் வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் மயிரிழையளவு வளைக்க வேண்டும். அளவுகோலுக்கு எட்டாத அந்த மயிரிழையில்தான் ஒரு மீனவக் குடும்பத்தின் அன்றைய சோறு இருந்தது.