சாவி கொடுத்த கைகள்

காலத்தைக் கையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் மனித வரலாற்றில் மிக அண்மையது. நம் முன்னோர் 24 நிமிடங்களை ஒரு நாழிகை எனக் கொண்டு, ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலோ மலையே கடிகாரமாக விளங்கிற்று. மேற்கு மலையின் நிழல் வயலில் இறங்கியதும் களையெடுப்போர் கரையேறினர். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் ஆலயத்தின் மூவேளைச் செப மணி, செபிப்போர்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்குமே பொழுதை அறிவித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தபின், அதன் கூவலும் தேனி வட்டாரத்து மக்களுக்கு ஒரு மணியோசையாயிற்று.

இவையெல்லாம் ஊருக்குப் பொதுவான காலம். நிழலையும் மணியோசையையும் எவரும் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ள இயலாது. தனி மனிதனின் காலம் முதலில் சட்டைப்பைக் கடிகாரமாகச் செல்வர்களிடம் சேர்ந்தது. கைக்கடிகாரம் என்பதோ மேலை நாடுகளில் நெடுநாள் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் நின்ற வீரர்கள் பையைத் துழாவ நேரமின்றிக் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். போர் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது அவ்வழக்கமும் உடன் வந்தது.

நம் நாட்டின் எளிய குடும்பங்களுக்குக் கைக்கடிகாரத்தைக் கொண்டு சேர்த்த பெருமை அரசு நிறுவனமான எச்.எம்.டி.யைச் சாரும். இயந்திரங்கள் செய்வதற்கென 1953-இல் உருவான அந்நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்னும் பெயர்கள் வீடுதோறும் அறிமுகமாயின. பார்வையற்றோர் விரலால் தொட்டு மணியறியும் கடிகாரங்களையும் அது செய்தளித்தது.

ஜனதா கடிகாரத்தின் உள்ளே 17 மணிக்கற்கள். மணிக்கு 18,000 துடிப்புகள். ஆயினும் நாள்தோறும் ஒரு மனிதக் கை சாவி கொடுத்தால்தான் அது ஓடும். காலையில் எழுந்ததும் திருகைப் பிடித்து அளவாகத் திருகுவதும், குளிக்குமுன் கழற்றி மாடத்தில் வைப்பதும், அதைத் தொடலாகாது எனப் பிள்ளைகளை எச்சரிப்பதும் அன்றாட ஒழுங்காயின. மின்கலத்தால் ஓடும் கடிகாரத்தை நாம் மறந்திருக்கலாம். சாவிக் கடிகாரத்தை மறந்தால் அது நின்றுவிடும். அதன்மேல் பாசம் வேரூன்றியதற்கு இவ்வன்றாடப் பராமரிப்பே முதற் காரணம் எனலாம்.

இரண்டாவது காரணம் அதன் பின்னணியில் உள்ள உழைப்பு. பள்ளத்தாக்கின் பல இல்லங்களில் முதற் கைக்கடிகாரம் ஏலத் தோட்டத்துக் கூலியிலோ நெல் விற்ற பணத்திலோ வந்தது. மகன் பள்ளியிறுதித் தேர்வில் தேறியதற்கு ஒன்று, மகளுக்கு ஆசிரியைப் பணி கிடைத்ததற்கு ஒன்று என அது பெற்றோரின் நிறைவைச் சொல்லாமல் சொல்லிற்று. கொடுத்தவர் தம் கையில் ஒருநாளும் கடிகாரம் கட்டியிராதவர் என்பதும் பல வீடுகளில் உண்மை.

அதே கடிகாரத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு கைக்கடிகாரமும் போட வேண்டும் என்பது நம்மிடையே எழுதாத சட்டமாயிற்று. மணமகன் மணிக்கட்டில் மின்னிய பொருளுக்காகப் பெண்ணின் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கியதும், பெண்ணின் தாய் தோட்டு அடகுக் கடைக்குப் போனதும் எத்தனையோ இல்லங்களில் நடந்தவை. அத்தகைய கடிகாரத்தை இன்று தாத்தாவின் நினைவு என்று போற்றும் பேரப்பிள்ளைகள், அது தாத்தாவின் கைக்கு எவருடைய வியர்வையால் வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். நினைவைப் போற்றுவதென்றால் முழு நினைவையும் போற்ற வேண்டுமன்றோ!

பொருளின் விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு அண்ணல் காந்தியடிகளின் கடிகாரமும் சான்று. இந்திரா காந்தி அன்பளிப்பாகத் தந்த அவருடைய ஜெனித் சட்டைப்பைக் கடிகாரம் 1947-இல் இரயில் பயணத்தின்போது களவு போயிற்று; எடுத்தவரே சில மாதங்கள் கழித்து வந்து மன்னிப்பு வேண்டித் திருப்பித் தந்தார் என்பர். 2009-இல் நியூயார்க்கில் அக்கடிகாரமும், அவருடைய மூக்குக்கண்ணாடி, காலணி, உணவுத்தட்டு, கிண்ணம் ஆகியவையும் சேர்ந்து 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. உடைமை ஏதுமின்றி வாழ விரும்பியவரின் பொருள்களுக்கே இவ்விலை!

காலம் மாறிற்று. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரிலிருந்து மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரங்களை நாடெங்கும் அனுப்பிற்று. சாவி கொடுக்கும் வேலை மறைந்தது. பின்னர்க் கைப்பேசி வந்து, மணி பார்க்கவே கடிகாரம் தேவையில்லை என்றாக்கிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நிறுவனம் மூடப்பட்டாலும் அதன் கடிகாரங்கள் நம் அலமாரிகளிலும் தகரப் பெட்டிகளிலும் உறங்குகின்றன. தந்தை மறைந்தபின் நகையையும் நிலத்தையும் பங்கிடும் பிள்ளைகள், கடிகாரத்தை மட்டும் பங்கிட இயலாது தயங்குகின்றனர். ஒருவர் எடுத்தால் மற்றவர் மனம் நோகிறது. எவரும் எடுக்காவிடில் அது துருவேறுகிறது.

இதற்கு நம் பெரியோரே வாழும் காலத்தில் வழி செய்யலாம். பழுதுபார்ப்பவரிடம் தந்து, தூசி நீக்கி எண்ணெயிட்டால், நின்றுபோன பல கடிகாரங்கள் மீண்டும் ஓடும். வாங்கிய ஆண்டு, கொடுத்தவர் பெயர், பணம் வந்த வழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைக்கலாம். உரியவரை அருகே அமர்த்தி, எவ்வளவு திருக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுத்தந்து, தம் கையாலேயே அவர் கையில் கட்டிவிடலாம். அடுத்த நாள் காலை அதற்குச் சாவி கொடுப்பது அவர் பொறுப்பு.