திருவண்ணாமலைப் போர் (1767)

திருவண்ணாமலையில், முதலாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின்போது 1767 செப்டம்பரில் நடந்த சண்டை. செங்கத்தில் வென்றும், படைக்குத் தானியம் இல்லாததால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் இங்கே பின்வாங்கினார். பிறகு மைசூரின் ஐதர் அலி–ஐதராபாத் நிஜாம் கூட்டுப்படையை முறியடித்தார்.

கூட்டணி உடைந்ததே பெரிய விளைவு. 1766இல் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து மறு ஆண்டே ஐதர் பக்கம் சாய்ந்த நிஜாம், 1768இல் மசூலிப்பட்டினத்தில் மீண்டும் கம்பெனியோடு சேர்ந்தார். தனித்து நின்ற ஐதர் அசரவில்லை. சென்னை வாசல்வரை வந்து, 1769இல் பரஸ்பர உதவி ஒப்பந்தம் பெற்றார். மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி கைவிரித்தது. வெட்கக்கேடான வாக்குமீறல் அது. 1779இல், ஐதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய பிரெஞ்சு மாஹேயையும் கம்பெனி பிடித்துக்கொள்ள, 1780இல் ஐதர், கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுச் சீமைக்குள் படையெடுத்தார். அதன் ஊர்கள் எரிந்தன.