ஒரு படிவத்தின் வரலாறு

தன் ஆட்சிக்குட்பட்ட குழந்தைகளுள் ஓராண்டில் எத்தனை பேர் மாண்டனர் என்ற வினாவிற்குச் செம்மையாக விடை கூற முடியாத அரசொன்றை நாம் என்னென்பது? 1994ஆம் ஆண்டுக்கு முந்திய தென்னாபிரிக்க அரசு அத்தகையதாகவே இருந்தது. அங்கே கல்வியறிவுக்கோ மருத்துவத் திறனுக்கோ பஞ்சமிருக்கவில்லை. மனித இருதயத்தை மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை உலகில் முதன்முதலாக 1967இல் கேப் டவுன் நகரிலேதான் நடைபெற்றது. ஆயினும், அந்நாட்டுக் கறுப்பின மக்களின் நோயும் சாவும் ஒழுங்காக எண்ணப்படவில்லை.

இதற்குக் காரணம் அறியாமையன்று, ஆட்சிமுறையே. 1948இல் பதவிக்கு வந்த தேசியக் கட்சி மக்களை நிறத்தாற் கூறுபோட்டது. கறுப்பின மக்களுக்கெனப் பத்துத் 'தாயகங்கள்' வகுக்கப்பட்டன. அவற்றுள் நான்கிற்குச் 'சுதந்திர நாடுகள்' என்று பெயர் சூட்டி, அங்கு வாழ்ந்தோரைத் தேசியப் புள்ளிவிபரங்களிலிருந்தே நீக்கினர். 1983ஆம் ஆண்டு அரசியலமைப்போ வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி நிர்வாகம் கண்டது. முடிவில், ஒரே நாட்டிற் பதினான்கு சுகாதாரத் திணைக்களங்கள்! இவற்றின் படிவங்களும் வரையறைகளும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. ஒப்பிட முடியாத கணக்குகளிடையே ஏற்றத்தாழ்வு எளிதில் ஒளிந்துகொண்டது.

1994இல் மலர்ந்த மக்களாட்சியின் முன் நின்ற பணிகளுள் ஒன்று, இப்பதினான்கையும் ஒன்றாக்குவது. நிறவெறி எதிர்ப்பிற் பயின்ற சுகாதார ஊழியர்களும், கேப் டவுன் பல்கலைக்கழகத்தினரும், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர் சிலரும் சேர்ந்து சுகாதாரத் தகவல் முறைத் திட்டமொன்றை ஆரம்பித்தனர். கணினிக்கு முன்னர் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது படிவத்தின் சிக்கலை. ஒரு படிவம் ஐந்து வயதுக்குட்பட்டோரையும் இன்னொன்று ஆறு வயதுக்குட்பட்டோரையும் குழந்தைகளெனக் கொண்டால், இரண்டையும் கூட்டுவது எங்ஙனம்? ஆதலின், எல்லோரும் தவறாது சேகரிக்கவேண்டிய மிகக் குறைந்த விபரங்கள் எவை, ஒவ்வொன்றின் வரையறை யாது என்பன குறித்து இணக்கம் தேடப்பட்டது.

அவ்விணக்கத்தில் ஒரு சிறப்புண்டு. மேல்மட்டம் கேட்கும் விபரங்களைத் தவறாது கொடுத்தாற் போதும். அதற்கப்பால் தனக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ள மருத்துவ நிலையத்துக்கும் மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் உரிமையிருந்தது. ஒற்றுமைக்காகத் தனித்தன்மையைப் பலியிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

1990களின் பிற்பகுதியில் இவ்வடித்தளத்தில் எழுந்த மென்பொருளே பின்னர் டி.எச்.ஐ.எஸ். 2 என வளர்ந்து, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவியது. அதற்கு உரிமக் கட்டணமில்லை. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தது. கொரோனா நோய் பரவத் தொடங்கிய 2020 சனவரியில், வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் முறையொன்றை நம் இலங்கையர் இதன்மீதே அமைத்தனர். வேறு பல நாடுகளும் அதனைப் பின்பற்றின. தனியொரு நோயாளியின் விபரத்தை ஒரு வைத்தியசாலையின் கணினியிலிருந்து இன்னொன்றின் கணினிக்கு அனுப்புதற்கும் இன்று பொது நியமங்கள் உள்ளன. 1987இல் அமெரிக்காவில் தோன்றிய எச்.எல். 7 அமைப்பின் 'ஃபயர்' நியமம் அவற்றுள் ஒன்று. அதுவும் கட்டணமின்றிக் கிடைப்பதே.

எனினும், நியமமே நோய் தீர்க்கும் என்று நாம் மயங்கலாகாது. எயிட்ஸ் நோயின் கொடுமையைக் கணக்குகள் எடுத்துக்காட்டிய பின்னரும், அதே தென்னாபிரிக்காவின் புதிய அரசு மருந்து வழங்கத் தயங்கியது. நோயுற்றோரும் அவர்தம் தோழர்களும் வீதியில் இறங்கினர், வழக்கும் தொடுத்தனர். தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாது காக்கும் நெவிரபைன் மருந்தை வழங்குதற்கிருந்த தடைகளை நீக்குமாறு, 2002 யூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டளையிட்டது. எண்கள் உண்மையைக் காட்டின. அதனைச் செயலாக்கியது மக்களின் போராட்டமே.

ஆகவே, சுகாதாரத் துறைக்குப் புதிய மென்பொருள் வரும்போதெல்லாம் அதன் வேகத்தை வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதன் படிவத்தை வகுத்தவர் யார், அதில் இடம்பெறாதவர் யார், அதனை நாள்தோறும் நிரப்பும் தாதியின் குரல் அங்கே கேட்டதா என்று வினவுதல் வேண்டும். பதினான்கு படிவங்களால் மறைக்கப்பட்ட மக்களின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.