உணவுவழிப் புதிர் நோய்கள்

கிருமியால் வராமல், அன்றாடம் உண்ணும் தானியம், எண்ணெய், பழம், குடிநீர் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் புகுந்து, வேறொரு நோயின் வேடத்தில் மருத்துவமனைக்கு வந்து சேரும் நோய்களை உணவுவழிப் புதிர் நோய்கள் எனலாம். தொற்றுக் காமாலை என்று நினைத்தது பூஞ்சை நஞ்சாக இருக்கும். மூளைக்காய்ச்சல் என்று நினைத்தது ரத்தச் சர்க்கரையின் வீழ்ச்சியாக இருக்கும். மனநோய் என்று ஒதுக்கியது ஒரு வைட்டமின் குறைபாடாக இருக்கும். நோயாளியின் உடலை மட்டும் சோதிக்கும் மருத்துவருக்கு இவை எளிதில் பிடிபடுவதில்லை. காரணம் நோயாளியின் வீட்டு அடுக்களையிலோ களஞ்சியத்திலோ கிடக்கிறது. இந்தியாவில் இத்தகைய புதிர்கள் பலவற்றை அவிழ்த்தவர்கள் ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டுப் போய்க் கிராமங்களில் விசாரித்த ஆய்வாளர்கள்.

அவர்களின் நிறுவனம் தமிழ்நாட்டில் பிறந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. தார்நாகா பகுதியில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இன்றும் இயங்குகிறது.

நீலகிரியின் குளிரிலிருந்து தக்காணத்தின் வெயிலுக்கு வந்த ஆய்வாளர்களுக்கு வாசலிலேயே ஒரு புதிர் காத்திருந்தது. தெலங்கானா உள்நாட்டில் அன்று ஏழைகளின் முதன்மை உணவு அரிசி அல்ல, சோளம். அங்கிருந்து ஹைதராபாத் மருத்துவமனைகளுக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் பலரின் கைகளிலும் கால்களிலும், வெயில் படும் இடங்களில் மட்டும், தோல் கறுத்து வெடித்து உரிந்திருந்தது. சிலருக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு கரும்பட்டை. நாக்கு சிவந்து புண்ணாகியிருந்தது. விடாத வயிற்றுப்போக்கு. அதோடு தூக்கமின்மை, சோர்வு, பேச்சில் நாட்டமின்மை, முற்றிய நிலையில் மனக்குழப்பம்.

தோலைப் பார்த்தால் தோல் மருத்துவரிடமும், பேதியைப் பார்த்தால் பொது மருத்துவரிடமும், மனத்தைப் பார்த்தால் மனநல மருத்துவரிடமும் அனுப்பத் தோன்றும். மூன்றும் ஒரே நோய்: பெல்லாக்ரா.

இந்த நோயை 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் விவரித்தார். கழுத்துப் பட்டைக்குக் காசல் கழுத்தணி என்ற பெயர் அவரால் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெருகியபோது, தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். ஜோசப் கோல்ட்பர்கர் 1914 முதல் அதை ஆராய்ந்து, உணவுக் குறைபாடே காரணம் என்று வாதாடினார். தொற்று இல்லை என்று காட்ட, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடலிலும் உடன் பணியாற்றியவர்களின் உடலிலும் செலுத்திக்கொண்டார். 1937இல் கான்ராட் எல்வெஜம், பெல்லாக்ராவுக்கு இணையாக நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நியாசின் என்ற வைட்டமின் தீர்க்கிறது என்று கண்டபின் வழக்கு முடிந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் உடல் உறிஞ்ச முடியாதபடி பிணைந்திருக்கிறது; உடல் நியாசினைத் தயாரிக்கப் பயன்படுத்தும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. ஆகவே பெல்லாக்ரா மக்காச்சோளம் உண்பவர்களின் நோய் என்று பாடநூல்கள் எழுதின.

தெலங்கானா நோயாளிகளோ மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்கள் உண்ட சோளத்தில் நியாசினும் டிரிப்டோபேனும் அரிசியைவிட மோசமான அளவில் இல்லை. அரிசி உண்ணும் ஏழைக்கு வராத நோய் சோளம் உண்ணும் ஏழைக்கு ஏன் வர வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் சேலத்தில் 1918இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன். அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் இதழில் ஒரு விடையை முன்வைத்தனர். சோளத்தில் இல்லாதது எது என்று தேடுவதை விட்டு, மிகுந்திருப்பது எது என்று பார்த்தார்கள். லியூசின் என்ற அமினோ அமிலம் சோளத்தில் மிகுதி. அது டிரிப்டோபேன் நியாசினாக மாறி உடலுக்குப் பயன்படும் பாதையைக் குலைக்கிறது என்பது அவர்களின் கருத்து. பின்னர் அதே ஆய்வகத்தில் லியூசின் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட நாய்களுக்குக் கருநாக்கு வந்தது. குறைபாட்டு நோய்க்குப் பற்றாக்குறை மட்டுமல்ல, சமநிலை குலைவதும் காரணமாகலாம் என்ற எண்ணம் அன்றைய ஊட்டச்சத்து இயலுக்குப் புதிது.

லியூசின் விளக்கம் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. வேறு ஆய்வகங்களின் சோதனைகள் சில அதற்குத் துணை நின்றன, சில மறுத்தன. லியூசினின் விளைவை வைட்டமின் பி6 தணிக்கிறது என்று கமலா கிருஷ்ணசாமி முதலானோர் ஹைதராபாத்திலேயே காட்டியபோது, காரணம் ஒற்றை இழையாக இல்லை என்பது தெரிந்தது. விவாதம் நீண்டாலும் நோயாளிக்கு நன்மை உடனே கிடைத்தது. நியாசின் மாத்திரை கொடுத்தால் நாக்குப் புண்ணும் பேதியும் மனக்கலக்கமும் சில நாட்களில் தணியும்; தோல் ஆறச் சில வாரங்கள் பிடிக்கும். புதிர் நோய்களில் இத்தனை எளிதாகக் குணமாகும் நோய்கள் குறைவு. அதனாலேயே, இதைக் கண்டுபிடிக்கத் தவறுவது மன்னிக்க முடியாத தவறு.

அடுத்த பெரிய புதிர் 1974இன் இறுதி மாதங்களில் வந்தது. ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களின் பழங்குடிக் கிராமங்களில் திடீரெனக் காமாலை பரவியது. கண்கள் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால்கள் வீங்கி மக்கள் இறந்தனர். பதிவான 397 பேரில் 106 பேர் உயிர் பிழைக்கவில்லை. கிராமத்தில் காமாலை கூட்டமாக வந்தால் தொற்று என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொற்றுக் காமாலையில் இத்தனை பேர் இறப்பதில்லை.

ஹைதராபாத்திலிருந்து சென்ற கே. ஏ. வி. ஆர். கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் குழுவினர் நோயாளிகளைச் சோதித்ததோடு நிற்காமல் வீடு வீடாக ஏறி இறங்கினர். மக்காச்சோளம் உண்ட வீடுகளில்தான் நோய் இருந்தது. அதைவிடப் பெரிய துப்பு நாய்களிடமிருந்து கிடைத்தது. அதே வீடுகளில் மிச்சச் சோற்றைத் தின்று வளர்ந்த நாய்களும் வயிறு வீங்கி, காமாலை கண்டு செத்திருந்தன. மனிதரையும் நாயையும் ஒரே சமயத்தில் ஒரே விதமாகத் தாக்கியது எது என்று தேடிப்போனால் பொதுவாக இருந்தது தட்டில் இருந்த தானியம் மட்டுமே. அறுவடையின்போது பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்து, ஈரத்தோடு சேமிக்கப்பட்டு, அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பிடித்திருந்தது. அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் ஒரு கிலோ தானியத்தில் 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை இருந்தது. உணவு தானியத்தில் இந்தியா இன்று அனுமதிக்கும் உச்ச அளவான கிலோவுக்கு 15 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால், அது 400 முதல் 1,000 மடங்கு.

அஃப்ளாடாக்சின் அறிவியலுக்குத் தெரியவந்தது 1960இல், இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்தபோது. மனிதர்களைக் கூட்டமாகக் கொல்லும் என்பதற்குத் தெளிவான சான்று பான்ஸ்வாராவில் கிடைத்தது. கிருஷ்ணமாச்சாரி குழுவின் கட்டுரை 1975இல் லான்செட்டில் வெளியானது. 2004இல் கென்யாவில் மீண்டும் இதே மக்காச்சோளம், இதே நஞ்சு. 317 பேரில் 125 பேர் இறந்தனர். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கல்லீரல் தாங்குகிறதா என்று பார்த்தபடி துணைச் சிகிச்சை தரலாம், நஞ்சேறிய தானியத்தை வீட்டை விட்டு அகற்றலாம். அதற்குமேல் மருத்துவர் கையில் ஒன்றுமில்லை.

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில் 1970களில் பழங்குடி மக்களின் வயிறு நீர் கோத்து வீங்கியது. முதலில் ஆவணப்படுத்தப்பட்ட 67 பேரில் 28 பேர் இறந்தனர். கல்லீரலின் நுண்ணிய சிரைகள் அடைபட்டிருந்தன. அங்கு உணவு சாமை. சாமை வயலில் களையாக முளைத்த கிலுகிலுப்பைச் செடியின் விதைகள் தானியத்தோடு கலந்து அரைபட்டிருந்தன. அவற்றிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுத்திருந்தன. அதே காலத்தில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் கோதுமையோடு கலந்த வேறொரு களைவிதை இதே நோயைக் கொடுத்தது. இரண்டிலும் பஞ்சமும் வறட்சியும் பின்னணியில் இருந்தன: விளைச்சல் குறைந்தால் மக்கள் தானியத்தைச் சலித்துப் புடைத்துப் பொறுக்குவதில்லை, கிடைத்ததை அரைக்கிறார்கள். கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 1998இல் டெல்லியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்த வரிசையில் சேரும். அங்கு கலந்தது இயற்கையோ பஞ்சமோ அல்ல, வாணிகம்.

ஹைதராபாத்துக்கு அருகிலேயே, நல்கொண்டா மாவட்டத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல் கறை படும், முதுகெலும்பு இறுகும் என்பது 1937லேயே தெரியும். கிண்டி கிங் நிலையத்தின் எச். ஈ. ஷார்ட் குழுவினர், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியை ஆராய்ந்து அதை எழுதினர். ஆனால் 1970களின் தொடக்கத்தில் இளம் பருவத்தினரிடம் புதியதொரு கோலம் தோன்றியது. முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்படி கால்கள் வளைந்தன. முன்பு எலும்பு இறுகியது, இப்போது மெலிந்தது. அதே நீர், அதே ஃபுளோரைடு, ஆனால் நோய் ஏன் மாறியது?

கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973இல் இதைப் பதிவு செய்தனர். நிறுவனம் முன்வைத்த விளக்கம் நாகார்ஜுனசாகர் அணை வரை நீண்டது. அணை நீர் கசிந்து நிலத்தடி நீர்மட்டம் உயர, மண்ணின் தன்மை மாறி, அங்கு விளைந்த சோளத்தில் மாலிப்டினம் கூடியது. அது உடலிலிருந்து செம்புச் சத்தை வெளியேற்ற, ஃபுளோரைடோடு சேர்ந்து எலும்பைக் கெடுத்தது. சோறு உண்பவரைவிடச் சோளம் உண்பவரின் உடலில் ஃபுளோரைடு கூடுதலாகத் தங்குவதாகவும் அங்கே கண்டறிந்தனர். ஒரு சிறுவனின் கால் வளைவுக்கான காரணத்தைப் பொறியாளரின் வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. வளைந்த காலை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம். எலும்பில் படிந்த ஃபுளோரைடை எடுக்க மருந்தில்லை. மெய்யான சிகிச்சை நல்ல நீர். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தெலங்கானா அரசு 2016இல் தொடங்கிய மிஷன் பகீரதா குழாய்வழி ஆற்று நீரைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது.

சிகிச்சை எவ்வளவு எளிதாக இருந்தும் நோய் பிடிபடாமல் பிள்ளைகள் இறந்த இடம் பீகாரின் முசாஃபர்பூர். 1990களின் நடுவிலிருந்து கோடை தோறும் விடியற்காலையில் குழந்தைகள் வலிப்போடு மயங்கினர். மூளைக்காய்ச்சல் என்று கருதி வைரஸைத் தேடினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைரஸ் வல்லுநர் டி. ஜேக்கப் ஜான், இது வைரஸ் நோயே அல்ல என்று சொன்னார். லிச்சிப் பழத்திலுள்ள ஒரு நஞ்சு உடல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கிறது. இரவு பட்டினியாகப் படுத்த, மெலிந்த குழந்தைக்கு விடியும்போது ரத்தச் சர்க்கரை சரிந்து விடுகிறது. 2014இல் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பேரில் 122 பேர் இறந்ததை இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் கூட்டாக ஆராய்ந்து, 2017இல் இதை உறுதிப்படுத்தினர். குளுக்கோஸை உடனே ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. இரவில் வயிறாரச் சோறு போட்டால் பெரும்பாலும் நோயே வராது. நன்கு உண்ட குழந்தைகளும் அதே பழத்தைத் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வறுமையை நோயின் பின்னணியாக எழுதுவது வழக்கம். இங்கே அது நோய்க்காரணத்தின் பாதி.

எல்லாப் புதிரும் இப்படி அவிழ்வதில்லை. 2020 டிசம்பர் 5இல் ஆந்திரத்தின் ஏலூரு நகரில் மக்கள் திடீரென வலிப்பு வந்து விழத் தொடங்கினர். ஒரு வாரத்தில் 600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்பாலோர் விரைவில் தேறினர். ஒருவருக்கொருவர் தொற்றவில்லை. ஹைதராபாத் ஆய்வகங்களும் டெல்லி எய்ம்ஸும் நீர், பால், காய்கறி, ரத்தம் எல்லாவற்றையும் சோதித்தன. ரத்தத்தில் ஈயமும் நிக்கலும் தென்பட்டன. பூச்சிக்கொல்லி எச்சமே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருத்துச் சொன்னார்கள். அது எந்த வழியாக இத்தனை பேரை ஒரே வாரத்தில் எட்டியது என்ற கேள்வி முழுமையாகத் தீரவில்லை.

இந்த நோய்களைக் கண்டறிவதில் உள்ள தடைகள் பெரும்பாலும் ஆய்வகக் கருவி சார்ந்தவை அல்ல. நஞ்சு உடலில் தங்கும் நேரம் குறைவு. நோயாளி மருத்துவமனை சேர்வதற்குள் தானியம் தீர்ந்திருக்கும், எண்ணெய் கொட்டப்பட்டிருக்கும். நெரிசலான அரசு மருத்துவமனையில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கிராமத்துக்கு நேரில் போய் விசாரிக்கும் நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் மாவட்டந்தோறும் இருந்தால், பான்ஸ்வாராக்களின் சாவு எண்ணிக்கை குறையும். அந்தப் பணிக்கு அரசுகள் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரே வீட்டிலோ தெருவிலோ ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே மாதிரி நோயுற்றால், வீட்டிலிருக்கும் மாவு, தானியம், எண்ணெய், சமைத்த மிச்சம் எதையும் கொட்டிவிடாமல் தனித்தனியே மூடி வைத்து, யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். வளர்ப்பு விலங்குகள் நோயுற்றிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.