பூனையின் மூளைக்கட்டி

அபூஹுரைரா என்றால் 'பூனைக்குட்டியின் தந்தை'. அப்பெயரை அறிந்த கல்முனை, சாய்ந்தமருது வீடுகளில் பூனைக்கு என்றும் இடமுண்டு. ஆயினும் முதிய பூனையொன்று ஓயாமல் வட்டமிட்டாலோ, வலிப்புக் கண்டாலோ, விசர் என்றோ நஞ்சு என்றோ முடிவுகட்டிவிடுகிறோம். அது மூளைக்கட்டியாகவும் இருக்கலாம்.

முன்னர் அக்கட்டியைப் பெரும்பாலும் பூனை இறந்தபின் மண்டையைத் திறந்தே உறுதிசெய்தனர். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சீ.ரி. ஸ்கானர் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அதுவும் பின்வந்த எம்.ஆர்.ஐ.யும் மிருக வைத்தியத்துக்குள் நுழைந்தபின்பே உயிருள்ள பூனையின் கட்டி தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பூனைகளில் அதிகம் காணப்படுவது மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா. அதனை அறுத்தகற்றியபின் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பூனைகள் பல.

விசர் பற்றிய அச்சம் நியாயமே. கடிபடாமல் அடைத்துவைத்து மிருக வைத்தியரை அழைப்போம். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும், வாயில்லாச் சீவனுக்கும்.