கொடுமணல் எஃகும் கணினிப் போராட்டமும்

திருப்பூரைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே அமைந்திருக்கும் கொடுமணல் என்ற சிற்றூரை, இன்று அவ்வழியே பின்னலாடைப் பொதிகளை ஏற்றிச் செல்லும் லாரிகளில் பெரும்பாலானவை அறியாமலே கடந்து விடுகின்றன. ஆயினும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரால் சுட்டப்பெறும் பெருமை வாய்ந்த ஊர் இதுவே என்பது அறிஞர் கொள்கை. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளில் எஃகு ஆக்கியதற்கான தடயங்களும், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளின் எச்சங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் சில்லுகளும் இங்கே வெளிப்பட்டன. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறித் துறைமுகத்திற்குச் சென்ற பெருவழியில் நின்று, இந்த ஊர் ரோமாபுரி வரையில் வியாபாரம் செய்தது.

இந்தப் பழைய எஃகின் கீர்த்தி, தொல்பொருள் நூல்களுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஓரிடத்தில், அதாவது உலகெங்கும் லட்சக்கணக்கானோர் ஆடும் ஒரு கணினிப் போர்விளையாட்டில், 2022 ஏப்ரல் 28 அன்று இடம் பெற்றது. ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2’ என்னும் அந்த வியூக விளையாட்டுக்கு அன்று வெளிவந்த இந்தியப் பகுதியில் ‘திராவிடர்’ என்றோர் இனம் சேர்க்கப்பட்டது. அவ்வினத்தின் வீரர்கள் தமிழில் மறுமொழி கூறுகிறார்கள். சுருள்வாள் ஏந்திய காலாள் படை அவர்களுக்கு உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தொடர்கதையாக ஆடக் கிடைக்கின்றன. தென்னிந்திய மூசை எஃகின் பெயரால் அமைந்த ஒரு கலையை ஆடுபவர் கற்றுக்கொண்டால், அவருடைய வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் பாயும் என்பதும் அங்கே ஒரு விதி. இந்த விளையாட்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற ஸ்தாபனத்தால் உருவாக்கப்பட்டு 1999-ல் முதன்முதல் வெளிவந்தபோது அதில் 13 இனங்கள் இருந்தன. மறு ஆண்டில் மேலும் 5 சேர்ந்தன. இந்தப் பதினெட்டில் இந்தியாவுக்கு ஓரிடமும் இல்லை. டல்லாஸில் மூடி முத்திரையிட்டு விற்கப்பட்ட ஒரு சரக்குக்குள் தமிழ் மொழியும் தமிழ்நாட்டு உருக்கும் எவ்வாறு புகுந்தன என்று கேட்டால், அதற்கு விடை ஒரு வழக்கத்தின் சரித்திரம்: பிறர் செய்த விளையாட்டைத் திறந்து பார்த்து, அதைத் தம் கருத்துக்கு இசைய மாற்றியமைக்கும் கணினி நிரலாளர்களின் வழக்கம்.

அந்த வழக்கம் ஏறக்குறைய கணினி விளையாட்டுகளின் வயதையே உடையது. 1962-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பிடிபி-1 என்ற கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞர் ‘ஸ்பேஸ்வார்’ என்றொரு விண்கலப் போரை எழுதினார். அதைக் கண்ட நண்பர்கள் பாராட்டியதோடு நிற்கவில்லை. பீட்டர் சாம்ஸன் என்பவர், மனம்போனபடி சிதறிக் கிடந்த நட்சத்திரங்களை நீக்கி மெய்யான வான மண்டலத்தையே வரைந்து வைத்தார். டான் எட்வர்ட்ஸ், நடுவே ஒரு சூரியனை நிறுத்தி அதன் ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டுச் சேர்த்தார். மார்ட்டின் கிரேட்ஸ், அபாயத்தில் சிக்கிய கலம் ஒரு கணம் மறைந்து வேறோரிடத்தில் தோன்றும் உபாயத்தைச் செய்தார். ஒருவர் சிருஷ்டித்ததை மற்றவர் திருத்துவது அவமதிப்பு ஆகாமல் மரியாதையாகக் கருதப்பட்ட சமூகம் அது. ஹேக்கிங் என்ற சொல், திருட்டையும் அத்துமீறலையும் குறிக்கத் தொடங்குவதற்கு முன்னர், அந்தச் சமூகத்தில் இத்தகைய சாமர்த்தியத்தையே குறித்தது.

அந்தச் சாமர்த்தியத்திற்குப் பந்தயங்களும் பின்னர் ஏற்பட்டன. மெக்கின்டோஷ் கணினிகளுக்கு நிரல் எழுதுவோர் 1986 முதல் ஆண்டுதோறும் மிச்சிகன் மாநிலத்தில் ‘மேக்ஹேக்’ என்று ஒரு மாநாடு கூடினர். அதன் முதன்மைச் சொற்பொழிவே நள்ளிரவில்தான் தொடங்கும். வந்தவர்கள் உறக்கத்தை ஒதுக்கி வைத்து, உள்ள மென்பொருளைக் கொண்டு எவரும் எதிர்பாராத காரியத்தைச் செய்து காட்டுவார்கள். வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு ஓர் எலிப்பொறி. பொருளுக்காக அல்லாமல், தம்மைப் போன்ற வல்லுநர்களின் மெச்சுதலுக்காகவே இரவெல்லாம் உழைத்தவர்கள் அவர்கள்.

விளையாட்டு விற்பனைச் சரக்கானதும் நிலைமை மாறியது. கடையில் வாங்கும் விளையாட்டின் மூலநிரல் வாங்குபவருக்குக் கிட்டுவதில்லை. ஆனால் வியூக விளையாட்டுகளின் அமைப்பிலேயே ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் எத்தகையது என்பதைப் பின்னலாடைத் தொழிலை அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. வட்டப் பின்னல் யந்திரத்தின் சிலிண்டரைச் சுற்றி வரிசையாக ஊசிகள் நிற்கின்றன. அவற்றை ஏற்றி இறக்குபவை கேம் எனப்படும் துண்டுகள். நிட் கேம் ஊசியை முழுவதும் உயர்த்திப் புதிய கண்ணியைப் பின்னச் செய்கிறது. டக் கேம் பாதி உயர்த்தி நூலைப் பிடித்து வைக்கச் செய்கிறது. மிஸ் கேம் ஊசியை எழவே விடுவதில்லை. யந்திரத்தைச் செய்தவர் ஜெர்மனியிலோ தைவானிலோ இருந்தாலும், திருப்பூரிலுள்ள பிட்டர் இந்தக் கேம்களின் வரிசையை மாற்றினால், சாதாரண சிங்கிள் ஜெர்சி இறங்கிய அதே யந்திரத்தில் பிக்கே துணி இறங்குகிறது. வியூக விளையாட்டிலும், படத்தை வரைந்து காலாட்களை நடத்தும் பெரும் யந்திரம் ஒரு புறமும், ஒரு வீரனுக்கு எத்தனை பொன், எவ்வளவு உயிர், எவ்வளவு தாக்கும் வலிமை என்னும் எண்களின் அட்டவணை மறுபுறமும் பிரிந்தே இருந்தன. அந்த அட்டவணையைத் திறக்கும் கருவிகளை ரசிகர்கள் தாங்களே செய்துகொண்டு, யந்திரத்தைத் தொடாமலே புதிய ராஜ்யங்களைப் பின்னினார்கள். 2005-ல் வந்த ‘சிவிலைசேஷன் 4’-ஐச் செய்தவர்களோ, விதிகளில் பெரும்பகுதியை எவரும் படித்துத் திருத்தக்கூடிய பைத்தான் மொழியிலும் எக்ஸ்எம்எல் கோப்புகளிலும் வைத்து, வாசலைத் தாங்களே அகலத் திறந்து விட்டார்கள்.

இவ்வாறு வடிவத்தைக் கட்டளையாகப் பிரித்தெடுத்து யந்திரத்துக்கு ஊட்டும் எண்ணமே நெசவிலிருந்து வந்தது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-ல் ஜாக்கார்டு தறியைத் துளையிட்ட அட்டைகள் இயக்கின. கணக்கிடும் யந்திரத்தைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ், சுமார் 24,000 அட்டைகளால் பட்டில் நெய்யப்பட்ட ஜாக்கார்டின் உருவப்படத்தைத் தம் இல்லத்தில் வைத்திருந்தார்.

‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ வரலாற்றுக்குத் திரும்புவோம். என்செம்பிள் ஸ்டூடியோஸை அதன் உரிமையாளரான மைக்ரோசாப்ட் 2009-ல் மூடிவிட்டது. செய்தவர்கள் கலைந்து போன பின்னரும் ஆடியவர்கள் கலையவில்லை. பல தேசங்களில் சிதறிக் கிடந்த ரசிகர்கள் ஊதியமின்றி உழைத்து, 2012 டிசம்பரில் ‘பர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற மாற்றுப் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அதில்தான் இந்தியர் என்ற இனம் முதன்முதலாக இடம் பெற்றது. மறு ஆண்டே அவர்களது திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதிகாரபூர்வமான பகுதியாக ஏற்று விலைக்கு வெளியிட்டது. திருத்தியவர்கள் ஒரு நிறுவனமாகி, அந்த விளையாட்டை வளர்க்கும் பொறுப்பையே பெற்றார்கள். ஆயினும் முழு பாரதத்தையும் ஒற்றை இனமாகக் காட்டிய முதல் முயற்சி குறையுடையது என்பதும் காலப்போக்கில் புலனாயிற்று. 2022-ல் அவர்கள் தங்கள் திருத்தத்தையே மீண்டும் திருத்தி, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காகப் பிரித்தார்கள். தமிழ் அதில் ஒலித்தது அப்போதுதான். திருத்துவதற்கு வாசல் இல்லாதிருந்தால் அந்தப் பதினெட்டு இனங்களோடு விளையாட்டும் முடிந்திருக்கும். நம் சரித்திரம் வெளியிலேயே நின்றிருக்கும்.

கைத்திருத்தக்காரர் கர்த்தாவாக உயர்ந்த இந்தக் கதை, கொங்கு நாட்டுக்குப் புதியது அன்று. திருப்பூரில் பனியன் தொழில் வேரூன்றியது சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கல்கத்தாவின் வழியைப் பின்பற்றி, கையால் சுற்றும் யந்திரங்களைக் கொண்டு. உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் தைத்து வந்த ஊரை 1970-களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரிகள் தேடி வந்தார்கள். 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. வெளிநாட்டார் அனுப்பிய மாதிரியை அப்படியே தைப்பதில் தொடங்கி, யந்திரத்தையும் நூலையும் சாயத்தையும் ஆராய்ந்து மாற்றி, மாதிரியையே தாம் அமைக்கும் நிலைக்கு இவ்வூரார் பலர் உயர்ந்தனர். இத்தொழிலை ஆராய்ந்து ‘பிரடர்னல் கேபிடல்’ என்ற நூலை 2004-ல் வெளியிட்ட ஷரத் சாரி, இங்குள்ள கம்பெனி முதலாளிகள் பலர் ஒரு காலத்தில் அதே யந்திரங்களின் முன் நின்ற தொழிலாளிகள் என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். யந்திரத்தின் உள்ளே கை வைக்கத் துணிந்தவனே நாளடைவில் அதன் எஜமானன் ஆகிறான்.

மாற்றியமைப்பதற்கும் களவாடுவதற்கும் உள்ள பேதத்தை மட்டும் நம் இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. பூட்டை உடைத்து நகல் விற்பவன் மூலத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. திருத்துபவனோ, மூலத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே தன் உழைப்பைத் தருகிறான். மூலத்தின் ஆயுளையும் அவன் நீட்டிக்கிறான். 1999-ல் பிறந்த ஒரு விளையாட்டு இன்றும் உயிரோடிருப்பது அந்த உழைப்பினால்தான். எதை மாற்றலாம், எதை மாற்ற உரிமையில்லை என்று உணரும் இந்த விவேகமும் நிரல் எழுதும் கலையின் ஓர் அங்கமே.

நம் நாட்டிலும் பந்தயங்கள் பெருகியுள்ளன. 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மாணவர்கள் 36 மணி நேரம் தொடர்ந்து அமர்ந்து நிரல் எழுதினார்கள். 2021-ல் நடந்த டாய்கத்தான் என்ற விளையாட்டுப் பொருள் போட்டியைக் கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்து நடத்திய அமைச்சகங்களுள் ஜவுளி அமைச்சகமும் ஒன்று. இந்தியப் பண்பாடும் சரித்திரமும் அதன் கருப்பொருள்களுள் இருந்தன. இவை போற்றத்தக்கவை. ஆனால் இப்போட்டிகள் பெரும்பாலும் புதிதாக ஒன்றைப் படைக்குமாறு கேட்கின்றன; உள்ளதை ஆழ்ந்து படித்துத் திருத்துவதைக் கேட்பவை அரியவை. படைப்பதற்கு முன் படிக்க வேண்டும். நிரலை ஆழ்ந்து படிப்பதற்குத் திருத்துவதைக் காட்டிலும் நல்ல வழி இல்லை.

ஆகையால் திருப்பூரிலும் கோவையிலும் உள்ள கல்லூரிகள், திருத்தத்திற்கு உரிமை வழங்கும் ஒரு வியூக விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, நொய்யல் கரையின் சரித்திரத்தை அதில் அமைக்குமாறு மாணவர்களுக்கு ஒரு பந்தயம் வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். கொங்கு நாட்டுப் படியூரில் எடுத்த பச்சைக்கல் கொடுமணலில் பட்டை தீட்டப்பெற்று முசிறிக்குச் செல்லும் வழியும், உலையில் எஃகு விளையும் முறையும், அதற்குச் செலவாகும் கரியின் அளவும் விதிகளாக எழுதப்படும்போது, அந்த மாணவன் அகழாய்வு அறிக்கையையும் நிரலையும் ஒருங்கே படித்தாக வேண்டும். அயல்நாட்டார் நம் எஃகுக்கு ஓரிடம் அளித்திருக்கிறார்கள். அந்த எஃகு எப்படி விளைந்தது என்பதைப் பிழையறச் சொல்ல வேண்டிய கடமை, அது விளைந்த மண்ணில் வாழும் நமக்கே உரியது.