தோல் (புதினம்)

தோல் என்பது டி. செல்வராஜ் (1938–2019) எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் வாழ்வே இதன் பொருள். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட இந்நூல், 2012 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது.

கதைக்களம்

இந்திய விடுதலையை ஒட்டிய காலப்பகுதியில் கதை நிகழ்கிறது. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழியிலும், பின்னர்ப் பதப்படுத்த ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறிய குழியிலும் தோல்கள் ஊறவைக்கப்படும். குழிக்குள் இறங்கி நின்று வேலை செய்வோரின் கைகால்களைச் சுண்ணாம்பு அரித்துவிடும். உடலில் ஏறிய வாடை குளித்தாலும் எளிதில் போகாது. இத்தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். அவர்களுள் கிறித்தவர்களும் உண்டு. முதலாளியிடம் பட்ட கடன் அவர்களைக் கொத்தடிமைகளாக்குகிறது. ஓசேப்பு என்னும் தொழிலாளியின் தனிமனித எதிர்ப்பு, சங்கம் அமைப்பதில் சென்று சேர்கிறது.

எலிசபெத் காஸ்கெல் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய மேரி பார்ட்டன் (1848) புதினத்தோடு இதனை ஒப்பிடலாம். அங்கே வறுமை, இங்கே வறுமையோடு தீண்டாமையும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் நெசவாளரைப் பற்றிய தொ. மு. சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் (1953), உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் ஆகியன இவ்வகையில் முன்னோடிகள்.

ஆசிரியர்

செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றித் தேநீர் என்னும் புதினத்தையும் எழுதியுள்ளார். தோல் அளவில் பெரிய நூல், பாத்திரங்களும் மிகுதி. எனவே முதன்முறை வாசிப்போர் பெயர்களைக் குறித்துக்கொண்டு படிப்பது நன்று.